கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விளையாட்டு மைதானங்களின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கத் தகுந்த பழமொழி இது. பந்தயம் முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜெயித்த கட்சியின் ரஸிகர்கள் ஆட்டக்காரர்களைப் புகழ்ந்துகொண்டு போவார்கள். தோற்ற கட்சியின் ரஸிகர்கள் ரெபரியைத் திட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஆட்டத்தைத்தான் என்று நம்புவதே கஷ்டமாக இருக்கும்.

ஆனால் பழமொழி சொன்ன பாட்டி ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டாள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்துவிட்டால்? நன்றாக ஆடத் தெரிந்த ஒருத்தி, கோணல் கூடத்தில் ஆடி, கால் தடுக்கி விழுந்திருந்தால்? அவள் என்ன செய்ய வேண்டும்? அழ வேண்டுமா, கூடத்தை இடிக்க வேண்டுமா, எழுந்து மேலே ஆட வேண்டுமா?

இந்தக் கேள்வியை வெறும் வேதாந்தமாகக் கேட்கவில்லை. 1966-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி லண்டன் மாநகரில் ஒரு பந்து தரையில் விழுந்தது. அது சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததா, கோட்டின் மேலேயே விழுந்ததா என்பதுதான் வழக்கு. வாதியும் பிரதிவாதியும் இன்றுவரை ஓயவில்லை. அன்று ஆடியவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். வழக்குக்கு மட்டும் சாவில்லை.

கதையை ஒரு வாரம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. ஜூலை 23-ந் தேதி கால் இறுதி ஆட்டங்கள். வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. அங்கே ரெபரி ருடால்ப் கிரைட்லைன் என்ற ஜெர்மானியர். அதே நாள் ஷெபீல்டு நகரில் மேற்கு ஜெர்மனியும் உருகுவேயும் ஆடின. அங்கே ரெபரி ஜிம் ஃபின்னி என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் ஆட்டத்துக்கு ஜெர்மானியர், ஜெர்மனியின் ஆட்டத்துக்கு ஆங்கிலேயர்! இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனத்தில் கள்ளம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தென் அமெரிக்க ரஸிகர்களின் மனத்தில் சந்தேகம் முளைக்க இதைவிட நல்ல உரம் வேறு ஏது?

முளைத்த சந்தேகத்துக்குத் தண்ணீரும் கிடைத்தது. ஷெபீல்டில் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஷ்னெல்லிங்கர் என்ற ஜெர்மன் ஆட்டக்காரர் கோல் கோட்டருகே பந்தைக் கையால் தடுத்தார் என்று உருகுவேக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். ரெபரி பெனால்டி கொடுக்கவில்லை. பிற்பாதியில் உருகுவே ஆட்டக்காரர்கள் இருவர் அடுத்தடுத்து வெளியேற்றப்பட்டனர். முடிவு, ஜெர்மனிக்கு 4, உருகுவேக்குப் பூஜ்யம். வெம்பிளியிலோ அர்ஜென்டினாவின் தலைவர் ரட்டீனை ரெபரி முற்பாதியிலேயே வெளியே போகச் சொன்னார். ரட்டீனுக்கு ஸ்பானிய மொழிதான் தெரியும். ரெபரிக்கு அது தெரியாது. ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று ரட்டீன் கேட்டார். போகமாட்டேன் என்று பல நிமிஷம் மைதானத்திலேயே நின்றார். கடைசியில் வெளியே வந்தவர், ராணிக்கென்று விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டாராம். இங்கிலாந்து ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தது. போட்டவர் ஜெஃப் ஹர்ஸ்ட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரகளையிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. அந்தப் போட்டியில் ரெபரிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவர் கென் ஆஸ்டன். மொழி தெரியாத இரண்டு பேர் மைதானத்தின் நடுவில் மல்லுக்கு நின்றது அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. காரில் வீடு திரும்பும் வழியில், கென்ஸிங்டன் பெரிய வீதியில் போக்குவரத்து விளக்குக்காக நின்றார். மஞ்சள் விளக்கு, பிறகு சிவப்பு விளக்கு. மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில்! இதற்கு எந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும்? 1970-ல் மெக்ஸிகோவில் நடந்த உலகக் கோப்பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் முதல் முதலாக ரெபரியின் பைக்குள் ஏறின.

ஆனால் நம்முடைய இறுதி ஆட்டம் அதற்கு நாலு வருஷம் முந்தியது. அட்டையும் இல்லை, எந்திரமும் இல்லை. இரண்டு கண்ணும் ஒரு விசிலும்தான் ரெபரியின் முதல்.

ஜூலை 30-ந் தேதி வெம்பிளியில் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். சிவப்புச் சட்டையில் இங்கிலாந்து, வெள்ளைச் சட்டையில் மேற்கு ஜெர்மனி. இரண்டு தேசங்களும் ஒன்றின்மேல் ஒன்று குண்டு போட்டு ஓய்ந்து இருபத்தோரு வருஷம்தான் ஆகியிருந்தது. காலரியில் இருந்த நடுவயதுக்காரர்களில் யுத்தத்தைப் பார்க்காதவர் யார்? ரெபரி கோட்ஃப்ரீட் டீன்ஸ்ட், ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தவர். லைன்ஸ்மன் இருவரில் ஒருவர் செக்கோஸ்லோவாகியர். மற்றவர் சோவியத் யூனியனிலிருந்து வந்த தோஃபிக் பக்ராமோவ். தலை நரைத்து, மீசை வைத்த மனிதர்.

ஆட்டம் எப்படி இருந்தது? சர்ச்சையின் புழுதியில் மறைந்துபோன விஷயம் இதுதான். ஆட்டம் பிரமாதமாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் ஜெர்மனியின் ஹாலர் முதல் கோலைப் போட்டார். ஆறு நிமிஷத்துக்குள் இங்கிலாந்தின் தலைவர் பாபி மூர் சட்டென்று எடுத்த ஒரு ஃப்ரீ கிக்கை ஹர்ஸ்ட் தலையால் முட்டிக் கணக்கைச் சமன் செய்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் இழுபறி. இங்கிலாந்தின் மகா நிபுணர் பாபி சார்ல்டனை, இருபதே வயதான பெக்கன்பவர் என்ற ஜெர்மன் இளைஞர் நிழல்போலத் தொடர்ந்தார். அவரைக் காவல் காப்பதிலேயே இவர் ஆட்டம் போயிற்று; இவரைச் சமாளிப்பதிலேயே அவர் ஆட்டம் போயிற்று. இரண்டு பெரிய வித்வான்கள் ஒரே மேடையில் ஒருவரையொருவர் அமுக்கிக்கொண்ட மாதிரி. இன்னொரு புறம் இங்கிலாந்தின் ஆலன் பால், இருபத்தோரு வயதுச் சிவப்புத் தலைப் பையன், வலது ஓரத்தில் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார்.

எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் பீட்டர்ஸ் போட்ட கோலால் இங்கிலாந்து 2-1 என்று முந்தியது. வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று நினைத்த வேளையில், கடைசி நிமிஷத்தில் ஜாக் சார்ல்டன் ஃபவுல் செய்ததாக விசில் ஊதிற்று. அது ஃபவுலே இல்லை என்பது ஆங்கில ரஸிகர்களின் கட்சி. ஃப்ரீ கிக் பந்து கும்பலுக்குள் பாய்ந்து ஷ்னெல்லிங்கர் மேல் பட்டுத் தெறித்தது. முதுகில் பட்டது என்றார்கள் ஜெர்மானியர். கையில் பட்டது என்றார்கள் ஆங்கிலேயர். தெறித்த பந்தை வெபர் காலை நீட்டி உள்ளே தள்ளினார். 2-2! நேரம் முடிந்தது. மேலும் அரை மணி ஆட வேண்டும் என்று ஆயிற்று.

அந்த அரை மணியில் பதினோராவது நிமிஷம். ஆலன் பால் வலப்புறத்திலிருந்து பந்தை அனுப்பினார். ஹர்ஸ்ட் அதை வாங்கி, திரும்பி, கீழே சாய்ந்தபடியே உதைத்தார். பந்து கோல் கீப்பர் டில்கோவ்ஸ்கியைத் தாண்டி, குறுக்குக் கட்டையின் அடியில் மோதி, நேரே தரையில் விழுந்து, வெளியே எம்பிற்று. வெபர் ஓடிவந்து அதைக் கட்டைக்கு மேலே தலையால் தட்டிவிட்டார். அருகில் நின்ற இங்கிலாந்தின் ரோஜர் ஹண்ட் கையைத் தூக்கிக்கொண்டு ஆனந்தமாகத் திரும்பினார். கோல் என்று சிவப்புச் சட்டைகள் கத்தின. இல்லை என்று வெள்ளைச் சட்டைகள் கத்தின.

டீன்ஸ்டுக்குத் தெரியவில்லை. நேர்மையான மனிதர்; தெரிந்ததாகப் பாவனை செய்யவில்லை. ஓரக்கோட்டுக்கு ஓடினார், பக்ராமோவைக் கேட்பதற்கு. கண்ணகி வழக்கில் பாண்டியன் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னான் என்று நாம் படித்திருக்கிறோம். இவர் விசாரித்துத்தான் சொன்னார். ஆனால் விசாரணை எப்படி நடந்தது? ஒருவர் ஜெர்மன் மொழி பேசும் ஸ்விஸ்காரர். மற்றவர் பாகூ நகரத்தவர். இருவருக்கும் சரளமாகப் பேசிக்கொள்ளப் பொதுவான மொழி இல்லை. பக்ராமோவ் தலையை அசைத்தார். டீன்ஸ்ட் விசிலை ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார். 3-2! ஒரு தலையசைப்பில் உலகக் கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்தத் தலையசைப்பைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் நானும் ஒரு தடவை லைன்ஸ்மனாக நின்றிருக்கிறேன். கோடைவிடுமுறை மத்தியானம், சவுக்குக் கழி நட்ட கோல், கொடிக்குப் பதில் கையில் ஒரு துண்டு. கோட்டருகே புழுதியில் பந்து விழுந்தது. இரண்டு கட்சியும் என் பக்கம் திரும்பி, “என்னடா, கோலா இல்லையா? சொல்லித் தொலை!” என்றார்கள். நான் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் கண்ணில் தூசி விழுந்திருந்தது. ஆனால் ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் அடுத்த தடவை யார் துண்டைக் கையில் கொடுப்பார்கள்? தலையை ஆட்டிவிட்டேன். தோற்ற கட்சியில் இருந்த என் சிநேகிதன் அந்த வருஷம் முழுவதும் என்னோடு பேசவில்லை. அவன் கோபம் நியாயமானது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

பக்ராமோவ் என்னைப்போல் பொய்த் தலை ஆட்டினார் என்று சொல்ல வரவில்லை. பந்து கட்டையில் பட்டுத் திரும்பவில்லை, வலையில் பட்டே திரும்பிற்று என்று தாம் நம்பியதாக அவர் பிற்பாடு தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். வலையில் பட்டிருந்தால் அது தரையில் எங்கே விழுந்தால் என்ன? அவர் கண்டதை, அல்லது கண்டதாக நம்பியதை, அவர் சொன்னார்.

இனி ரஸிகர்களின் வழக்குக்கு வருவோம். ஓர் ஆங்கில ரஸிகரையும் ஒரு ஜெர்மன் ரஸிகரையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்தால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“ஹண்டைப் பாருங்கள் ஐயா! பந்து உள்ளே போகவில்லை என்றால் பக்கத்திலேயே நின்ற மனிதர் அதைத் தட்டிவிட்டிருக்க மாட்டாரா? கையைத் தூக்கிக்கொண்டு ஏன் நிற்கிறார்?”

“அவர் எங்கே பக்கத்தில் நின்றார்? பந்து எம்பின வேகத்துக்கு அது அவருக்கு எட்டியே இருக்காது. எட்டாத பழத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டார், அவ்வளவுதான்.”

“சரி, அந்தக் கோலைக் கழித்துவிடுங்கள். கடைசி நிமிஷத்தில் ஹர்ஸ்ட் இன்னொன்று போட்டார் அல்லவா? மொத்தம் 4-2. ஒன்றைக் கழித்தாலும் 3-2. ஜெயம் எங்களுக்குத்தான்.”

“கணக்கு அப்படிப் போடுவதா? மூன்றாவது கோலால் நாங்கள் பின்தங்கினோம். அதனால் எங்கள் ஆட்கள் எல்லாம் முன்னால் ஓடினார்கள். அதனால் பின்னால் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில்தான் நாலாவது. போதாக்குறைக்கு, ஆட்டம் முடிந்ததென்று நினைத்து உங்கள் ஜனங்கள் மைதானத்துக்குள் வேறு இறங்கிவிட்டார்கள். மூன்றாவது இல்லாவிட்டால் நாலாவது ஏது?”

“அப்படியானால் உங்கள் இரண்டாவது கோல்? ஃபவுலே இல்லாத ஃபவுல், கையில் பட்ட பந்து! அது இல்லாவிட்டால் அந்த அரை மணி நேரமே ஏது?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஜெர்மன் ரஸிகரிடம் பதில் இல்லை. ஆங்கில ரஸிகரும் தாம் ஜெயித்தபடியால் அதைப் பெரிதாக வற்புறுத்துவதில்லை. ரஸிகனின் ஞாபகசக்தி விசித்திரமானது. தனக்கு நேர்ந்த அநியாயத்துக்கு ஆயுள் முழுவதும் வட்டி கணக்கிடும். தனக்குக் கிடைத்த சலுகையை அன்று மாலையே செலவெழுதிவிடும்.

வழக்கு வளர வளரக் கதையும் வளர்ந்தது. அரை இறுதியில் மேற்கு ஜெர்மனி சோவியத் அணியை 2-1 என்று தோற்கடித்திருந்தது. அந்த வஞ்சத்தைத்தான் லைன்ஸ்மன் தீர்த்துக்கொண்டார் என்றார்கள். மரணப் படுக்கையில் இருந்த பக்ராமோவிடம் காரணம் கேட்டதாகவும், அவர் “ஸ்டாலின்கிராட்” என்று ஒரே வார்த்தை சொல்லிக் கண்ணை மூடியதாகவும் ஒரு கதை உலாவுகிறது. கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு கச்சிதமாக முடிகிற கதை பெரும்பாலும் யாரோ ஜோடித்ததாகத்தான் இருக்கும். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் அவரைச் செல்லமாக ‘ரஷ்ய லைன்ஸ்மன்’ என்று அழைத்தார்கள், அதுவும் தவறு. அவர் அஸர்பைஜான்காரர். 1993-ல் காலமானார். பாகூ நகரத்துப் பெரிய கால்பந்து மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. ஆட்டக்காரர்களுக்குச் சிலை வைத்த ஊர்கள் ஆயிரம். லைன்ஸ்மனுக்குச் சிலை வைத்த ஊரை வேறு எங்கே தேடுவது?

உண்மைதான் என்ன என்று கேட்கிறீர்களா? விதியின்படி பந்து முழுவதும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். அதில் நூலளவு கோட்டின் மேல் நின்றாலும் கோல் இல்லை. 1996-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆராய்ச்சியாளர்கள் பழைய படங்களைக் கணித முறையில் அளந்து, பந்து முழுமையாகத் தாண்டவில்லை, குறைந்தது 6 சென்டிமீட்டர் குறைவு என்று முடிவு சொன்னார்கள். ஆறு சென்டிமீட்டர் என்பது ஒரு தீப்பெட்டியின் நீளத்துக்குச் சற்று அதிகம். வேறு கோணத்திலிருந்து அளந்து வேறு முடிவு சொன்னவர்களும் உண்டு. ஜெர்மன் மொழியிலோ, கட்டையில் பட்டுக் கோட்டருகே விழுகிற பந்துக்கு ‘வெம்பிளி கோல்’ என்றே பெயர் வந்துவிட்டது. காயம் அகராதியில் ஏறிவிட்டது!

காலம் பொல்லாத கணக்குப்பிள்ளை. 2010-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவின் ப்ளூம்ஃபான்டைன் நகரில் இதே இரண்டு தேசங்களும் உலகக் கோப்பையில் மோதின. ஜெர்மனி 2-1 என்று முந்தியிருந்தபோது இங்கிலாந்தின் லம்பார்ட் உதைத்த பந்து குறுக்குக் கட்டையில் மோதிக் கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே எம்பிற்று. இந்தத் தடவை ஆராய்ச்சி வேண்டியதில்லை, உலகமே பார்த்தது. பார்க்காதவர்கள் ரெபரியும் லைன்ஸ்மனும்தான். கோல் கிடைக்கவில்லை. முடிவு 4-1, ஜெர்மனிக்கு. நாற்பத்து நாலு வருஷத்துக் கடன் தீர்ந்தது என்று ஜெர்மன் ரஸிகர்கள் சிரித்தார்கள். ஆனால் கடன் வாங்கியவர் ஒருவர், அடைத்தவர் வேறொருவர் அல்லவா? 1966-ல் லம்பார்ட் பிறக்கவே இல்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். 2012-ல் அனுமதி கிடைத்து, 2014-ல் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையில் கோல் கோட்டை எந்திரம் காவல் காத்தது. பந்து தாண்டினால் ரெபரியின் கைக்கடிகாரம் சொல்லிவிடும். 2018-ல் ருஷ்யாவில், படம் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் ஏற்பாடும் வந்தது. சரி, சண்டை ஓய்ந்ததா? கோட்டைப் பற்றிய சண்டை ஓய்ந்தது. கையில் பட்டது வேண்டுமென்றா தற்செயலா, விழுந்தவன் தள்ளப்பட்டு விழுந்தானா தானே விழுந்தானா என்ற சண்டைகள் முன்னைவிடச் சாவகாசமாக, பத்துக் கோணத்திலிருந்து படம் பார்த்துக்கொண்டே நடக்கின்றன. கோட்டை அளக்க எந்திரம் உண்டு. கருத்தை அளக்க எந்திரம் ஏது?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. கூடம் கோணலாக இருந்தால் ஆடுபவள் என்ன செய்ய வேண்டும்?

1966-ல் அந்த ஜெர்மானியர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பக்ராமோவைச் சூழ்ந்துகொண்டு முறையிட்டார்கள். முறையிட வேண்டியதுதான், அநியாயம் என்று தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லாதவன் மனிதனா? ஆனால் தீர்ப்பு மாறாது என்று தெரிந்ததும் திரும்பி வந்து பந்தை நடுவில் வைத்து, மிச்சம் இருந்த நேரத்தை மூச்சு முட்ட ஆடினார்கள். மைதானத்தைவிட்டு வெளியேறவில்லை. கோப்பையை இழந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

நாலு வருஷம் கழித்து, 1970 ஜூன் 14-ந் தேதி, மெக்ஸிகோவின் லியோன் நகரில் கால் இறுதியில் அதே இங்கிலாந்து எதிரே வந்தது. இங்கிலாந்து 2-0 என்று முந்தியும் விட்டது. அப்போது ஒரு கோலைப் போட்டவர் பெக்கன்பவர். இரண்டாவதைப் போட்டுச் சமன் செய்தவர் உவே ஸீலர், வெம்பிளியில் தோற்ற அணியின் தலைவர். பிறகு அதிக நேரத்தில் முல்லர் ஒன்று போட, ஜெர்மனி 3-2 என்று ஜெயித்தது. வெம்பிளி வழக்குக்கு ஆட்டக்காரர்கள் போட்ட அப்பீல் அதுதான். ரஸிகர்கள் இன்னும் கீழ்க்கோர்ட்டிலேயே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹர்ஸ்டின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஒருவரே மூன்று கோல் போட்ட பெருமை, 2022-ல் பிரான்ஸின் எம்பாப்பே அதைச் செய்யும்வரை, அவர் ஒருவருக்கே இருந்தது. அந்த மூன்றில் நடுக்கோல்தான் நம்முடைய கோல். மனிதர் கால் சாய்ந்து விழும்போதும் குறி தவறாமல் உதைத்தார். அது அவர் சாமர்த்தியம். அது எங்கே விழுந்தது என்று தீர்மானித்தது அவர் அல்ல. ஆனாலும் வாழ்நாள் முழுவதும் எங்கே போனாலும் அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தவறான தீர்ப்பு, தோற்றவனுக்கு மட்டுமா நஷ்டம்? ஜெயித்தவனின் வெற்றியிலும் ஒரு துளி உப்பைப் போட்டுவிடுகிறது.

ஆகையால் அடுத்த தடவை பந்தயம் பார்த்துவிட்டு ரெபரியைத் திட்ட வாய் திறக்கும்போது, தாராளமாகத் திட்டுங்கள். ரஸிகனின் உரிமை அது. ஆனால் தொண்ணூறாயிரம் பேர் கத்த, மொழி தெரியாத ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்து முகத்தைப் பார்க்க, ஒரு கணத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே தீர வேண்டிய அந்த நரைத்த மீசைக்காரரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் கூடம் கோணல்தான். பாட்டி அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் கோணல் கூடத்திலும் கடைசி அடிவரை ஆடிவிட்டு வந்தவளுக்குத்தான், கூடம் கோணல் என்று சொல்லும் பாத்தியதை உண்டு.